ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது

ஏப்ரல் பதினாறாம் திகதி, வியாழக்கிழமை. வேலை முடிந்து மெத்ரோ ரயிலில் வந்துகொண்டிருந்தபோது கட்சியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மே பதினாறில் நடக்கவிருந்த வாக்கெடுப்பை ஏப்ரல் இருபத்தைந்துக்கு மாற்றிவிட்டார்களாம். எண்ணிப் பார்த்தேன், சரியாக ஒன்பது நாள். குறைந்தது எட்டு நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று கட்சியின் யாப்பு விதியில் இருக்கிறது. ஒரு நாள் கூடக் கொடுத்திருக்கிறோமே என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டிருப்பார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேர்தலில் கட்சியின் பெயரில் யார் நிற்பது என்பதைத் தொகுதியிலுள்ள கட்சி அங்கத்தவர்கள் வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும். நேரில் வர வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். எங்கள் தொகுதியில் கட்சி ஒரு கதிரையை நிறுத்தினாலும் வெல்லும். ஆகவே உண்மையான தேர்தல் இந்த வாக்கெடுப்புத்தான். இருபது வருடமாக உறுப்பினராக இருந்தவர் ஓய்வு பெற்றதும் எங்கள் தமிழ்ச் சனத்துப் பிள்ளை நிருஷா அந்த இடத்துக்குப் போட்டியிட்டாள். முப்பத்தாறு வயது, சட்டத்தரணி, மூன்று மொழியிலும் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவாள். நாங்கள் இத்தனை காலமும் கட்சிக் கூட்டங்களுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தோம், பனிக்குள் நின்று மற்றவர்களின் துண்டுப்பிரசுரங்களைக் கொடுத்தோம். அந்தத் தொகுதியின் வாக்குச்சீட்டில் எங்கள் பெயர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டிருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

என் பெயர் நகுலேஸ்வரன். செந்-லோறோவில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை. நிருஷாவின் பிரச்சாரப் பொறுப்பாளர் என்று என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். உண்மையில் வேலை செய்தவர் அருளம்பலம் அண்ணை. எழுபத்தொரு வயது. ஹோட்டல் சலவைப் பகுதியில் முப்பது வருடம் முறிந்து ஓய்வு பெற்றவர். புதிதாகச் சேர்ந்த அறுநூற்று நாற்பது அங்கத்தவர்களில் ஏறக்குறைய நானூறு பேர் அவர் சேர்த்தவர்கள். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் மாலையில்தான் வெளியே வருவார். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், படிவத்தில் கையெழுத்து விழும்வரை எழும்பமாட்டார். தன் ஊர்ச் சனம், மனைவியின் ஊர்ச் சனம், கூட வேலை செய்தவர்கள், அவர்களின் மருமக்கள் என்று ஒருவரையும் விடவில்லை.

கட்சித் தலைமைக்கு நிருஷா வேண்டாம். அவர்களுக்குப் பணக்காரர் வாழும் கர்க்லாண்டில் வீடு வைத்திருக்கும் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் வேண்டும். அவர் எங்கள் தொகுதிக்கு வழி கேட்டுத்தான் வந்திருப்பார். முந்நூறு பேரைக்கூட அவரால் சேர்க்க முடியவில்லை. சரி, திகதியை முன்னே இழுத்தால் இந்தத் தமிழர்கள் தடுமாறிப் போவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் கட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, என் உடைந்த பிரெஞ்சில் சண்டை பிடித்தேன். நாட்காட்டியைத் தீர்மானிக்கும் உரிமை கட்சியின் தேர்வுக் குழுவுக்கு மட்டுமே உண்டு என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அருளண்ணை கோபப்படவில்லை.

“விடு தம்பி. முந்தி வைச்சால் நாங்கள் முந்தி வெல்லுறம். அவ்வளவுதானே?” என்றார்.

அன்றிரவே பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கிவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாரோ ஒருவருடன் கதைத்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லி நெஞ்சைப் பிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் முடிந்துவிட்டது.

எனக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். செய்தி கேட்டதும் களஞ்சியத்தின் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன். அழுதபடியே வாக்கு எண்ணினேன். அவருடையது ஒன்று, அவர் மனைவி குணேஸ்வரி அக்காவுடையது ஒன்று, இரண்டு போய்விட்டதே என்று மனம் போட்ட கணக்கை நினைத்தால் இப்போதும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டோடு முடிகிற கணக்கில்லை அது என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

எங்கள் சனம் செத்தவீட்டை வார நாளில் வைக்காது. வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டும், ரொறொன்ரோவில் இருந்து உறவுகள் வர வேண்டும். புதன் செத்தாலும் வெள்ளி செத்தாலும் சனி ஞாயிறில்தான் எரிப்போம். இந்த முறை சனிக்கிழமைதான் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அண்ணையின் ஒரே மகன் றூபன் லண்டனில் இருக்கிறான். அவனுடைய ஆறு வயது மகளுக்குத் திங்கட்கிழமை காலை இருதயத்தில் சத்திரசிகிச்சை. பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி அது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளையை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்க்க வேண்டும். ஆகவே றூபன் புதன்கிழமை வந்து, சனிக்கிழமை தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, அன்றிரவே விமானம் ஏறுவதாக ஏற்பாடு. மரண அறிவித்தல் இணையத்தில் போய்விட்டது. ஏப்ரல் இருபத்தைந்து, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை கிரியை, அதைத் தொடர்ந்து தகனம்.

வாக்கெடுப்பும் அதே சனிக்கிழமை, அதே ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை.

அண்ணை சேர்த்த அங்கத்தவர்களும் அண்ணையின் செத்தவீட்டுக்கு வருகிற சனமும் ஒரே சனம். கட்சி நடத்துகிறவர்களுக்கு இது விளங்காது. நான் பட்டியலில் முதல் பத்துப் பேரை அழைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது ஆள் அண்ணையோடு சலவைப் பகுதியில் வேலை செய்தவர்.

“நகுல், நீ ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரியுமோ? அந்த மனுசனை அங்கை கிடத்திப்போட்டு நான் வோட்டுப் போட வாறதோ?”

“கிரியை தொடங்க முந்தி ஒருக்கா வந்திட்டு...”

“வையடா போனை.”

முடிந்த பிறகும் வரமாட்டார்கள். செத்தவீட்டுக்குப் போனவர்கள் நேரே வீட்டுக்குப் போய்த் தலைமுழுகித் தோய வேண்டும், வேறெங்கும் ஏறக்கூடாது. நாற்பது வருடம் பனிக்குள் இருந்தாலும் எங்கள் சனம் இதை விடவில்லை.

முதலில் கட்சியிடம்தான் கேட்டேன். ஒரே ஒரு நாள் தள்ளி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று எழுதினேன். நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள், தனிப்பட்ட சூழ்நிலைகளுக்காக நாட்காட்டியை மாற்ற இயலாது. அதற்குக் கீழே, உயிரோடிருப்பவருக்கும் செத்தவருக்கும் பொதுவாக அனுப்புகிற, கட்சிக்கு நன்கொடை தாருங்கள் என்ற பொத்தானும் இருந்தது.

நிருஷாவை அழைத்தேன். செத்தவீட்டை ஒரு நாள் தள்ளச் சொல்லி அண்ணை வீட்டில் கேட்டால் என்ன என்றேன்.

“அங்கிள், நான் போய்க் கேக்கமாட்டன். எனக்கு அந்த முகம் இல்லை,” என்றாள். பிறகு, “நீங்கள் கேட்டால் நான் வேண்டாம் எண்டும் சொல்லமாட்டன்,” என்றாள்.

சட்டத்தரணி அல்லவா. ஒரு வசனத்தில் இரண்டு கையையும் கழுவிவிட்டாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. போய்க் கேள் என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை அண்ணை வீட்டுக்குப் போனேன். றூபன் மத்தியானம்தான் வந்திறங்கியிருந்தான். குணேஸ்வரி அக்கா சோபாவில் சுவரோடு சாய்ந்து இருந்தார். அண்ணையின் பட்டியல் மேசையில் அப்படியே கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் எழும்பிப் போய்விட எனக்குப் பத்துத் தடவையாவது வாய்ப்பு இருந்தது. போகவில்லை.

“அக்கா, ஒரு விசயம் கேக்கவேணும். கேக்கக்கூடாத விசயம்தான்.”

சொன்னேன். சனிக்கிழமை எரித்தால் அண்ணை நான்கு மாதம் ஓடித்திரிந்தது எல்லாம் வீண். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் சனம் சனிக்கிழமை வந்து வாக்களிக்கும், ஞாயிற்றுக்கிழமை அண்ணையை அனுப்பிவைக்கும். இரண்டும் நடக்கும். ஒன்றைத் தவிர எல்லாம் நடக்கும்.

அந்த ஒன்றை றூபன்தான் சொன்னான்.

“மாமா, ஞாயிறு எண்டால் நான் நிக்கேலாது. திங்கள் காலமை எட்டு மணிக்குப் பிள்ளையை உள்ளுக்குக் கொண்டுபோறாங்கள். அப்பா பக்கத்திலை இருக்கவேணும் எண்டு அழுது சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் என்னை விட்டது.”

“எனக்குத் தெரியும் றூபன்.”

“தெரிஞ்சுகொண்டே கேக்கிறியள்?”

“ஓம்.”

வேறென்ன சொல்வது? எனக்குத் தெரிந்துதான் கேட்டேன். மற்றவர்களைவிட எனக்கு அது நன்றாகவே தெரியும். என் ஐயா வன்னியில் செத்தபோது நான் இங்கே அகதி வழக்கு முடியாமல், கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் இருந்தேன். யாரோ பக்கத்துக் கொட்டில்காரர் கொள்ளி வைத்தார் என்று மூன்று மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன். இருபத்தாறு வருடமாகியும் ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கும்போது கை கூசுகிறது. அந்த வலியைத்தான் ஒரு பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று தெரிந்தே அந்த வீட்டில் இருந்து கேட்டேன்.

றூபன் எழும்பிச் சமையலறைக்குள் போனான். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் முகம் கழுவியிருந்தான்.

“அப்பாட்டைக் கேட்டால் அவர் மாத்தச் சொல்லித்தான் சொல்லியிருப்பார். எனக்குப் போன் எடுத்தாலே இந்தப் பெட்டையின்ரை கதைதான். வெல்லுவாளே மாமா?”

“வெல்லுவாள். இருநூறு வாக்கு வித்தியாசத்திலை வெல்லுவாள்.”

“அப்ப மாத்துங்கோ. அம்மா, என்ன?”

அக்கா தலையை ஆட்டினார். அது ஓமா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வேண்டியபடிதான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, அண்ணையின் உடம்பு இருந்த மரணச்சாலைக்கு அழைத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணியை எடுத்தேன். இணையத்து அறிவித்தலில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி ஏறியது: இறுதிக்கிரியை ஏப்ரல் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது. அன்றும் வெள்ளிக்கிழமையும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அறுநூறு பேரையும் அழைத்தோம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டவர்களுக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். சிலருக்கு உண்மையைச் சொன்னேன். அவர்கள், வாறம், வாறம் என்றார்கள். ஐந்து வாகனங்கள் ஒழுங்கு செய்தோம். நாற்பது வருடமாகச் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத கிழவிகளுக்கு என்ன அடையாள அட்டை கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொருவராகப் படிப்பித்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கே முக்கால். நாளைக்கு யார் யாரை ஏற்றுவது என்று எழுதிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் வந்தது.

எங்கள் தொகுதியில் வாக்கெடுப்பு நடைபெறாது. அங்கத்துவப் படிவங்கள் சிலவற்றைப் பற்றிக் கேள்விகள் எழுந்திருப்பதாலும், தேர்தல் நெருங்கி வருவதாலும், யாப்பு தனக்குத் தரும் அதிகாரத்தின்படி தலைமை நேரடியாக ஒரு வேட்பாளரை நியமிக்கிறது. பேராசிரியரின் படம் கீழே சிரித்துக்கொண்டிருந்தது. அங்கத்தவர்களின் பொறுமைக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள்.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். யாருக்கு ஏசினேன் என்று தெரியாது, அறையில் ஒருவரும் இல்லை. பிறகு திடீரென்று ஒன்று தோன்றியது. அப்படியென்றால் சனிக்கிழமை சும்மா இருக்கிறது. உடனே மரணச்சாலைக்கு அழைத்தேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“அந்த நேரத்தை நேற்றே வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம், ஐயா.”

பின்னேரம்? இல்லை. வேறு கிளையில்? இல்லை. தகனம் மட்டுமாவது? ஞாயிறு பதினொன்றரைக்குத்தான். இரண்டு மடங்கு தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அந்த மனிதர் பொறுமையாக, மன்னிக்கவும் ஐயா, மன்னிக்கவும் என்றார். கட்சிக்காரியின் குரலைவிட இவருடைய குரலில் ஈரம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தொலைபேசியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரே போனேன். வாசலில் வைத்தே றூபனிடம் சொன்னேன். அவன் என்னை அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அடித்திருக்கலாம்.

“சரி மாமா,” என்றான்.

கதவைச் சாத்தவில்லை, சத்தம் போடவில்லை. உள்ளே திரும்பி, தாயின் பக்கத்தில் போய் இருந்தான்.

சனிக்கிழமை பின்னேரம் அவனை விமான நிலையத்துக்கு நான்தான் ஏற்றிப்போனேன். வழியில் மரணச்சாலையில் நிறுத்தினோம். அரை மணி நேரம் பார்க்க விட்டார்கள். இன்னும் குளிப்பாட்டி உடுத்தாத உடம்பு, கழுத்துவரை வெள்ளைத் துணி. கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குளிருது என்றான். காரில் ஏறியபின் அவன் கதைத்தது மகளைப் பற்றி மட்டுமே. எத்தனை மணி நேரம் எடுக்கும், எந்த டொக்டர், எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்று. நான் ஓம், ஓம் என்றேன். இறங்கும்போது கை கொடுத்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் கதவு மூடிவிட்டது, கேட்டதோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் கொள்ளவில்லை. எழுநூறு பேராவது வந்திருப்பார்கள். பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரும் கால் முளைத்து வந்து நின்றது. பாதிப் பேர் நாங்கள் படிப்பித்த ஞாபகத்தில் அடையாள அட்டையையும் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து, இன்டைக்குத்தானே தம்பி வோட்டு, இஞ்சையோ போடுறது என்று கேட்டார். இல்லையம்மா என்றேன்.

நிருஷா கறுப்புச் சேலையில் வந்தாள். மலர்வளையத்தை வைத்துவிட்டு என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அங்கிள், நீங்கள் வேறை ஆக்கள் சொல்லிக் கேக்கக்கூடாது. நேற்றுத் தலைமை என்னோடை கதைச்சது. ஆத்துக்கு அங்காலை, லொங்குய்ய் பக்கம் ஒரு தொகுதி தாறினம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“அங்கை எங்கடை சனம் பத்துக் குடும்பம்கூட இல்லையே. கட்சி அங்கை ஒருநாளும் வெண்டதும் இல்லை.”

“தெரியும். இந்த முறை தோத்தால் அடுத்த முறை நல்ல இடம் தருவினம். சுயேச்சையா நிண்டால் கதவை ஒரேயடியா அடைச்சுப் போடுவினம்.”

“இங்கை அவங்களுக்கு எதிரா ஒரு வார்த்தை?”

“சொல்லக்கூடாது எண்டு கையெழுத்து வாங்கிப்போட்டினம், அங்கிள்.”

அவளுடைய கண் கலங்கித்தான் இருந்தது. பொய்க் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணீரைக் கொண்டுபோய் நான் எங்கே வைக்க? ஒரு பிள்ளையின் உரிமையைப் பறித்து இவளுக்காகக் கொடுத்தேன், இவள் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் கதிரைக்கு மாற்றிவிட்டாள். நான் திரும்பி முன்னுக்கு வந்துவிட்டேன்.

ஐயர் கும்பம் வைத்து முடித்து நிமிர்ந்தார்.

“கொள்ளி வைக்கிறது ஆர்? மகன் இல்லையெண்டால் பெறாமக்கள் ஆரும் வாங்கோ.”

ரொறொன்ரோவில் இருந்து வந்திருந்த ஒரு தூரத்துப் பெறாமகன், தம்பி முறையானவரின் மகன், சட்டையைக் கழற்ற ஆயத்தமானான். அப்போது பெட்டியின் தலைமாட்டில் இருந்த குணேஸ்வரி அக்கா கையை உயர்த்தினார். புதன்கிழமைக்குப் பிறகு அவர் வாயைத் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபமாகச் சொல்லவில்லை. விடிய எழும்பி யோசித்து வைத்த ஒரு வேலையைச் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

“நாள் குறிச்சது நகுல்தம்பி. கொள்ளியையும் அவரே வைக்கட்டும்.”

 மண்டபம் கிடைக்கவில்லை என்று நான் பொய் சொன்னவர்களும் அங்கேதான் நின்றார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ எனக்கு ஒரு வேட்டியைக் கொண்டுவந்து தந்தார்கள். சட்டையைக் கழற்றினேன். ஐயர் தர்ப்பையை என் விரலில் போட்டார், சொல்லச் சொன்னதை எல்லாம் சொன்னேன், வாய்க்கரிசி போட்டேன், குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வந்தேன். உள்ளே, சூளைக்கு முன்னால், மரணச்சாலைக்காரர் ஒரு பச்சைப் பொத்தானைக் காட்டினார். அழுத்தினேன். மகன் வைக்க வேண்டிய நெருப்பு அது. என் கையால் பற்றியது.

வெளியே வந்து ஈர வேட்டியோடு வாகனத் தரிப்பிடத்தில் நின்றபோது, கழற்றிய சட்டையின் பைக்குள் கிடந்த தொலைபேசியில் றூபனின் செய்தி இருந்தது.

“பிள்ளையை வாட்டிலை விட்டாச்சு மாமா. போன் பாவிக்க விடேல்லை, அதாலை நேரலை பாக்க முடியேல்லை. அப்பாவின்ரை அலுவல் நல்லபடி முடிஞ்சுதே? கொள்ளி ஆர் வைச்சது?”

சனம் ஒவ்வொருவராகத் தோய்வதற்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் நெடுநேரம் அந்தக் கேள்வியைப் பார்த்தேன். பிறகு, “நான்” என்று எழுதி அனுப்பினேன். அவன் அதைப் பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை.